சர்நேமின் பொருளும் பயன்பாடும்

தருமபுரியில் ஒரு மனிதரைச் சந்தேகப்படுவதற்கு முன்பெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றுதான் இருந்தது. எண்பத்தாறாம் வருஷம் அந்தக் குறை தீர்ந்தது. அகில பாரதக் கவிதை ஆங்கிலமாக்கக் கழகம் தன் மாவட்டக் கிளையை ஓர் உரக்கடை மாடியில் திறந்தது. போர்டு அறையைவிடப் பெரிது. மாடிப்படி ஏறுகிறவர்கள் அதற்குத் தலையைக் குனிந்துதான் போக வேண்டும், போகும்போதே பாதிக் குற்றவாளி ஆகிவிடுவார்கள்.

கழகத்தின் நோக்கம் உயர்ந்தது. பாரத மொழிகளில் உள்ள கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துப் புத்தகமாகப் போட்டு உலகத்துக்குக் கொடுப்பது. பெயர்க்கிற வேலையை டெல்லி பார்த்துக்கொண்டது. கவிஞர் உண்மையான கவிஞர்தானா, சொன்ன பெயர் சொந்தப் பெயர்தானா என்று விசாரிக்கிற வேலை மாவட்டக் கிளைக்கு. கிளைச் செயலர் வெங்கடாசலம் அந்த வேலைக்காகவே பிறந்தவர். கவிதை என்று எதையும் அவர் படித்ததில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தார்.

"படிச்சா கவிஞர் மேல ஒரு அபிப்பிராயம் வந்துடுமுங்க. அப்பறம் விசாரணை நடுநிலையா இருக்காது" என்பார்.

இவர் கையில்தான் மிக்கேலம்மாள் வந்து மாட்டினாள்.

மிக்கேலம்மாள் இண்டூரில் சத்துணவு அமைப்பாளர். காலையில் அரிசி அளந்து, பருப்பு அளந்து, மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பாத்திரம் கவிழ்த்த பிறகு, சமையல்கூடத்து வாசலில் உட்கார்ந்து கவிதை எழுதுவாள். உள்ளூர்ச் சிறுபத்திரிகை ஒன்றில் 'கொடியில் ஒரு சட்டை' என்ற அவள் கவிதை வந்தது. எப்படியோ அது டெல்லிக்குப் போய், அங்கே யாரோ ஒரு நல்ல மனிதர் அதைப் படித்தேவிட்டார். கழகத்தின் சரித்திரத்தில் நடந்த ஒரே பிசகு அதுதான். கவிதை சின்னது.

கொடியில் ஒரு சட்டை காய்கிறது.
அதைப் போடுகிறவர் இங்கே இல்லை.
அது காய்கிற வரைக்கும்
இந்த வீட்டில் ஓர் ஆண் இருக்கிறார்.
மழைக்காலத்தில்தான்
நான் தனியாக இருக்கிறேன்.

அதில் கற்பனை ஒன்றும் கிடையாது. அவள் வீட்டுக்காரர் சவரி ஓசூரில் கம்பெனி வேலைக்கென்று போனவர், அங்கேயே வேறொரு குடும்பமும் வைத்துக்கொண்டார். போகும்போது நீலக்கோடு போட்ட சட்டை ஒன்றை மறந்துவிட்டார். மிக்கேலம்மாளின் வாடகை வீடு ஊருக்குக் கடைசியில், மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது. அவர் போன புதிதில் இருட்டியதும் கதவுப் பக்கம் யாராவது செருமுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த கையோடு அந்தச் சட்டையை அலசிக் கொடியில் போட்டாள். அன்றைக்குச் செருமல் நின்றது. சவரி நேற்றுக் கடைசி பஸ்ஸில் வந்திருப்பானோ என்று ஊருக்கு ஒரு சந்தேகம் வந்தால் போதும், தாழ்ப்பாளைவிட அது பத்திரம். அதிலிருந்து அந்தச் சட்டை அழுக்கே ஆகாமல் வெளுத்துக்கொண்டிருந்தது.

கழகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பியதும் மிக்கேலம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினாள்.

"உக்காருங்க" என்றார் வெங்கடாசலம். அவள் உட்காரப் போனாள். "அது மரியாதைக்குச் சொன்னதுங்க. விசாரணை நின்னுக்கிட்டுத்தான். பேரு?"

"மிக்கேலம்மாளுங்க."

"அது பேரு. சர்நேம்?"

"அப்படின்னா என்னங்க?"

வெங்கடாசலமும் பக்கத்தில் நின்ற கள ஆய்வாளர் மாயவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு பார்வைக்குத்தான் கழகம் மாயவனை வேலைக்கு வைத்திருந்தது.

"இங்கிலீஷ்ல ஒரு கவிஞரைப் பேரு சொல்லிக் கூப்பிடற வழக்கமே கெடையாதும்மா. சர்நேம்தான். பேரு வூட்டோட சரி, சர்நேம் ஒலகத்துக்கு. புஸ்தகத்துல ஒவ்வொரு கவிஞருக்கும் பின்னாடி சர்நேம் விளக்கம் வருது. அதோட பொருள் என்ன, பயன்பாடு என்ன, எல்லாம். கவிதைக்கு ஒரு பக்கம், சர்நேமுக்கு மூணு பக்கம். அது இல்லாம ஒங்களைப் போட்டா மூணு பக்கம் வெள்ளையா நிக்கும். யாரு பதில் சொல்றது?"

"எங்களுக்கு இனிஷியலுதானுங்க. சி. எங்கப்பா சின்னப்பன்."

மாயவன் குறுக்கே வந்தான். "சார், சத்துணவு போர்டுல சி. மிக்கேலம்மாள். ரேஷன் கடையில ச. மிக்கேலம்மாள். பத்திரிகையில வெறும் மிக்கேலம்மாள். ஆக மூணு பேரு சார்."

"மூணும் நாந்தானுங்க."

"இங்க வர்ற எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார் வெங்கடாசலம் வருத்தத்தோடு.

கல்யாணம் ஆகும்வரை அப்பா பெயரின் முதல் எழுத்து, ஆன பிறகு புருஷன் பெயரின் முதல் எழுத்து, நம் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று அவள் எடுத்துச் சொன்னாள். சவரி போன பிறகு ஒரு நாள் தானே பெயின்ட் டப்பாவை வாங்கி போர்டில் இருந்த 'ச'வைச் 'சி' ஆக்கியதையும் சொன்னாள். மேலே ஒரு வளைவுதான் போட்டாள். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அரசாங்க போர்டைத் திருத்தினாள் என்று மாயவன் மனசில் குறித்துக்கொண்டான்.

"நீங்க கிறிஸ்டியன்தான? வெள்ளைக்காரங்களும் கிறிஸ்டியன். அவங்க அத்தனை பேருக்கும் சர்நேம் இருக்குது. ஒங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?"

"தெரியலீங்க. சாமியாருங்களும் கேட்டதில்லீங்க."

"நாங்க சாதி கேக்கலீங்க. கழகம் சாதியே பாக்காது. ஒங்க சாதி என்னன்னு சொல்லிட்டீங்கன்னா அதையே சர்நேமாப் போட்டுட்டு, அதுக்கப்பறம் பாக்காம இருந்துக்குவோம்."

"அது வேணாங்க" என்றாள் அவள். வெங்கடாசலம் தன்னையே உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

"எனக்கே சர்நேம் இல்லாமத்தான் இருந்துது. கழகத்துல சேர்ந்தப்ப டெல்லியில கேட்டாங்க. பேருக்குப் பின்னாடி வர்றதுதான் சர்நேம்னாங்க. என் பேருக்குப் பின்னாடி எம்.ஏ. வருது. அதையே குடுத்துட்டேன். இப்ப டெல்லியில இருந்து 'டியர் மிஸ்டர் எம்.ஏ.'ன்னுதான் எழுதறாங்க. எம் பையன் இன்னும் பத்தாவது தாண்டல, அவனும் எம்.ஏ. தான். குடும்பத்துக்கே ஒரு கௌரவமுங்க."

"அய்யா, எம் பேரையே போட்டுடுங்க. எழுதனது நானு. அது ஒண்ணுதாங்க நான் கேக்கறது" என்றாள் மிக்கேலம்மாள்.

பெரிய ஆசை இல்லை. அவள் அளக்கிற அரிசி அரசாங்கத்தினுடையது, சமையல்கூடம் ஊராட்சி ஒன்றியத்தினுடையது, குடியிருக்கும் வீடு இன்னொருவருடையது, பெயருக்கு முன்னால் நின்ற எழுத்துகூட ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவருடையது. அந்த ஆறு வரி மட்டும் அவளுடையது. அதற்குக் கீழே தன் பெயர் அச்சில் நிற்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்தை ஒருத்தி இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று வெங்கடாசலத்துக்குத் தோன்றிவிட்டது. நேரில் விசாரிக்க மாயவனை இண்டூருக்கு அனுப்பினார்.

நடந்ததைக் கேட்ட சமையலம்மா தீர்த்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பேரு கேக்கறவன நம்பாத டீச்சரு. எங்க நங்கை வூட்டுல, அதான் அண்ணி வூட்டுல, இப்படித்தான் பேரு கேட்டு வந்தானுங்க. காட்டுக்கு நடுவுல ரோடு போட்டுட்டுப் போயிட்டானுங்க."

"கவிதைக்கு நடுவுல என்ன போடப் போறாங்க தீர்த்தக்கா?"

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்குது" என்றாள் தீர்த்தம்மாள்.

மாயவன் வந்த நேரத்தில் மிக்கேலம்மாள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சம்பந்தப்பட்டவரை விசாரித்தால் அவர் உஷாராகிவிடுவார் என்பது கழகத்தின் கொள்கை. வீட்டைச் சுற்றிவந்தான். கொடியில் சட்டை தொங்கியது. தொட்டுப் பார்த்தான், ஈரம். ஆணுடைய சட்டை, அளவு நாற்பது, இன்றைக்குத் துவைத்தது. நேராக டீக்கடைக்குப் போய் சவரி ஊரில் இருக்கிறாரா என்று கேட்டான்.

"சட்டை காயுதுங்களா?" என்று திருப்பிக் கேட்டார் டீக்கடைக்காரர்.

"காயுது."

"அப்ப இருப்பாருங்க."

விசாரணை முடிந்தது. ஆனால் ஆபீஸ்காரர் ஒருவர் வந்து கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார் என்ற சேதி மாலைக்குள் ஊர் முழுக்கப் போனது. அந்தப் பொம்பளையிடம் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஊரும் முடிவுகட்டியது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது.

அடுத்த தடவை அவள் மாடியேறியபோது வெங்கடாசலம் சிரித்த முகமாக இருந்தார். உட்காரச் சொல்லி, உட்காரவும் விட்டார்.

"ஒங்க பிரச்சினை தீர்ந்துது. ஒங்க சர்நேம் சவரி. வீட்டுக்காரர் பேருதான் பொம்பளைங்களுக்கு சர்நேம், ஒலகம் பூரா அதான் வழக்கம். எம். சவரின்னு அனுப்பியாச்சு."

"எம்முன்னா யாருங்க?"

"நீங்கதாம்மா."

மிக்கேலம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இத்தன நாளு அவரு எனக்கு இனிஷியலு. இப்ப நான் அவருக்கு இனிஷியலுங்களா?"

"அதுவும் ரொம்ப நாளைக்கு இருக்காது. பெரிய கவிஞர்னா இனிஷியலையும் எடுத்துடுவாங்க. வெறும் சவரிதான். ஒங்களுக்கு அந்த யோகம் இருக்குது."

"அய்யா, அவரு எங்கூட இல்லீங்க. ஓசூர்ல இருக்காரு. கவிதையிலயே அதான எழுதியிருக்கறேன். படிச்சுப் பாருங்க."

"படிக்கறது எங்க துறை இல்லம்மா. வீட்டுக்காரர் இல்லைங்கறீங்க. கொடியில சட்டை இருந்துது, மாயவன் தொட்டே பாத்திருக்கான்." வெங்கடாசலம் குரலைத் தாழ்த்தினார். "சவரி அங்க இல்லைன்னா, அது யாரு சட்டை?"

இந்தக் கேள்வி மாடிப்படி இறங்கி இண்டூர் வரைக்கும் போனால் அதற்கு ஊர் ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும், வெங்கடாசலத்துக்கும் தெரியும்.

"அவரு சட்டைதானுங்க" என்றாள்.

"அப்ப சவரி இருக்காரு. அவ்வளவுதானம்மா விஷயம்" என்று அவர் மணியை அடித்தார்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகையாக வந்தது. ஆத்திரமாகவும் வந்தது. ஊரை ஏமாற்றக் கட்டிய கொடி தன் கழுத்துக்கே வந்துவிட்டதே என்று நினைத்தாள். தீர்த்தம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, "நாசமாப் போறவனுங்க" என்றாள்.

டெல்லி யோசித்து, இனிஷியலையும் எடுத்துவிட்டது. இண்டூர்க் கவிஞர் சவரிக்குத் தருமபுரியில் பாராட்டு விழா என்று பேப்பரில் சேதி வந்தது. ஓசூரில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில் சவரி அதைப் பார்த்தார். முதலில் அவருக்கும் சந்தேகம்தான். தான் கவிதை எழுதியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள், பொன்னாடை என்றும் போட்டிருக்கிறார்கள். குடித்த சமயத்தில் எழுதியிருக்கலாம் என்று சமாதானம் ஆகி, முடிவெட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மிக்கேலம்மாளுக்கு அழைப்பு இல்லை. தீர்த்தம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். வாசலில் மாயவன் நின்றான்.

"பையில என்ன?"

"சட்டைங்க."

அவன் பையை விரித்துப் பார்த்தான். நீலக்கோடு. பழகின முகத்தைப் பார்த்ததுபோல் அவன் முகம் மலர்ந்தது. "கவிஞரோட சட்டையா? போங்க, போங்க" என்று வழிவிட்டான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

டெல்லியிலிருந்து வந்த கழகத் தலைவர் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். வெங்கடாசலம் அதைத் தமிழில் சொன்னார். "கவிதைகள் வரும், போகும், சர்நேம்தான் நிற்கும் என்று தலைவர் சொல்கிறார். சர்நேம் இல்லாத கவிதைகள் அனாதைகள். அவற்றைக் கழகம் தத்தெடுத்துத் தகுந்த ஆண்களிடம் ஒப்படைக்கிறது என்கிறார்." கூட்டம் கைதட்டியது. சவரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு தலைவர் கவிஞரிடம் ஒரு கேள்வி கேட்க விரும்பினார். அந்தச் சட்டை ஏன் கொடியில் தொங்குகிறது?

சவரி மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"காயறதுக்குத்தானுங்க" என்றார்.

மண்டபத்தில் அப்படியொரு கைதட்டல். இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு ஆழத்தைத் தான் கேட்டதே இல்லை என்று தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் தீர்த்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"புத்தகத்தில் மூன்று பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது" என்று தொடர்ந்தார் வெங்கடாசலம். "சவரி என்ற சர்நேமின் பொருள் என்ன, பயன்பாடு என்ன என்பதைக் கவிஞரே இப்போது சொல்வார்."

"எங்க தாத்தா பேருங்க" என்றார் சவரி. அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மிக்கேலம்மாள் எழுந்து மேடைக்குப் போனாள். பையிலிருந்து சட்டையை எடுத்து உதறி, பொன்னாடைக்கு மேலேயே சவரியின் தோளில் போட்டாள். அவர் அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"பொருளு கேட்டீங்களே, நான் சொல்றனுங்க" என்றாள் மைக்கில். "சர்நேமுன்னா இதாங்க. ஆளில்லாத சட்டை. வூட்டுல ஆம்பள இருக்காருன்னு ரோட்டுல போறவங்க நெனச்சிக்கட்டும்னு வெளிய தொங்க விடறது. அதான் பயன்பாடு. இத்தன நாளு பயத்துக்குத் தொங்கவிட்டேன். இனிமே வேணாங்க. சட்டை அவருது, குடுத்துட்டேன். கவிதை என்னுது, குடுத்துடுங்க."

தலைவர் வெங்கடாசலத்தின் பக்கம் சாய்ந்து, யார் இந்தப் பெண், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். வெங்கடாசலம் எம்.ஏ. ஆங்கிலத்தில் சொன்னார். கவிஞரின் மனைவி. கணவருக்குக் குளிருமே என்று சட்டை கொண்டுவந்திருக்கிறார்.

தலைவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். பாரதப் பெண்மை என்று ஏதோ சொன்னார். போட்டோக்காரர் மூவரையும் சேர்த்து நிற்கச் சொன்னார். மிக்கேலம்மாள் நிற்காமல் இறங்கி நடந்தாள். போட்டோவில் அவள் முழங்கை மட்டும் விழுந்தது.

இண்டூருக்குத் திரும்பிய பிறகு கொடியில் அவள் சேலை மட்டும் காய்ந்தது.

"பயமா இல்லையா டீச்சரு?" என்று தீர்த்தம்மாள் கேட்டாள்.

"பயமாத்தான் இருக்குது தீர்த்தக்கா. ஆனா இப்ப மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பயம்தான்." போர்டுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பெயின்டை எடுத்து, கதவுக்கு மேலே தன் பெயரை எழுதினாள். முன்னால் எழுத்து எதுவும் போடவில்லை, பின்னாலும் எதுவும் போடவில்லை. அன்றைக்குத் தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போகாமல் அவளோடு படுத்துக்கொண்டாள்.

புத்தகம் வந்தது. கவிதைக்குக் கீழே சவரி என்றே இருந்தது. பின்பகுதியில் மூன்று பக்கமும் நிரம்பியிருந்தது. சவரி என்பது தமிழ்நாட்டில் ஒருவகை மேலாடை, கொடியில் உலர்த்திப் பயன்படுத்தப்படுவது, மனைவிமார் பாதுகாத்து வைப்பது என்று சான்றுகளோடு விளக்கியிருந்தார்கள். கவிஞருக்கு உரிய பிரதியை அவர் வீட்டு முகவரியில் சேர்க்க வேண்டும் என்பது விதி. மாயவன் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் இண்டூருக்கு வந்தான்.

அது விடுமுறை நாள். மிக்கேலம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாயவன் நேராகக் கொடிப் பக்கம் போனான். சேலை மட்டும்தான் இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், கொடிக்குக் கீழே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தான்.

"என்ன வேணுங்க?" என்று கேட்டாள்.

அவன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினான்.

"நான் இருக்கறனுங்க" என்றாள் மிக்கேலம்மாள். கீரையை வைத்துவிட்டு எழுந்து நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாகவும் சொன்னாள்.

மாயவன் டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றபோது, கவிஞரைப் பார்த்தீர்களா என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"வூட்டுல யாருமே இல்லீங்க" என்றான் மாயவன்.